அபினும் உயிர்ப்பும்

தமிழில் உயிர் என்னும் சொல்லும் உயிர்த்தல் என்னும் சொல்லும் ஓரடியிற் பிறந்தவை. உயிர்த்தலாவது மூச்சுவிடுதல். மூச்சுள்ள அளவே உயிருண்டு என்னும் உண்மையை நம் முன்னோர் சொல்லின் அமைப்பிலேயே பொதிந்து வைத்தனர். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துக்களின் தோற்றம் கூறப் புகுந்தவிடத்து, உந்தியினின்று எழுங் காற்றையே முதலாக வைத்தார். மண்ணாற் சமைந்த முதல் மனிதன் இறைவன் ஊதிய மூச்சினாலேயே உயிர்பெற்றான் என்று விவிலியத்தின் முதனூலும் கூறும். காவிரி நாட்டின் வடகோடியில் உள்ள சிதம்பரத்திலே பொன்னம்பலக் கூரை 21,600 பொன்னோடுகளால் வேயப்பட்டதென்றும், அத்தொகை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் தொகையென்றும் கூறுவது மரபு. நிமிடத்திற்கு 15 மூச்சு எனக் கணக்கிடின் அத்தொகை பிழையின்றி வரும். உடல்நலமுடைய வளர்ந்தோர் ஓய்வாயிருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றனர் என்பது இக்கால மருத்துவர் கணக்கு. இரண்டும் பெரிதும் வேறுபடாமை காண்க.

இங்ஙனம் இரவும் பகலும் ஓயாது நிகழும் இத்தொழிலை நடத்துவது யாது? அபின் என்னும் ஒரு பாலும், அதன் வழிவந்த மருந்துகளும் இதனை எவ்வாறு நிறுத்துகின்றன? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவ மாணவர்க்கு மட்டும் உரிய பொருளென்று எண்ணற்க. நம் வயதினர் பலர் இதனை அறியாமையாலேயே நண்பரை இழக்கின்றனர். வேறு பலர் இதனை அரைகுறையாக அறிந்தமையால், வலியால் துடிக்கும் தம் பெற்றோர்க்கு உரிய மருந்தை மறுக்கின்றனர்.

முதற்கண் மூச்சின் இயல்பை நோக்குவாம். இதயம் தன் தாளத்தைத் தானே உடையது. உடலினின்று பிரித்தெடுத்த பின்னரும் சிறிதுபோழ்து துடிக்க வல்லது. மூச்சோ அத்தகையதன்று. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கூரைபோல் விரிந்துள்ள உதரவிதானம் என்னும் தசையும், விலாவெலும்புகளின் இடைத்தசைகளும் தாமே அசையமாட்டா. மூளையினின்று நரம்பின் வழியாகக் கட்டளை வந்தாலன்றி அவை வாளா கிடக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கட்டளை வேண்டும். நாம் உறங்கும்போதும், பாடங் கேட்கும்போதும், உண்ணும்போதும் அக்கட்டளை தவறாது வந்துகொண்டேயிருக்கின்றது.

அது பிறக்கும் இடம் மூளையின் அடிப்பாகமாகிய மூளைத்தண்டு. அதன் கீழ்ப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். 1811, 1812ஆம் ஆண்டுகளில் லெகல்லுவா என்னும் பிரெஞ்சு மருத்துவர், முகுளத்தின் ஒரு சிறு பகுதி சிதைவுறின் மூச்சு உடனே நின்றுவிடுவதை முயல்களிற் கண்டறிந்தார். அப்பகுதிக்குள் தாளத்தைப் பிறப்பிக்கும் அணுக்கள் எவை என்பது விளங்குவதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் சென்றன. 1991இல் ஸ்மித், ஃபெல்ட்மன் முதலிய அறிஞர், பிறந்து சில நாளேயான எலியின் முகுளத்தினின்று மெல்லிய துண்டமொன்றை அரிந்து, ஊட்டநீரில் இட்டு ஆராய்ந்தனர். உடலும் நுரையீரலும் இன்றித் தனித்துக் கிடந்த அத்துண்டம் மூச்சின் தாளத்தை விடாது எழுப்பிக்கொண்டிருந்தது. அத்தாளம் பிறக்கும் சிறு திரளுக்குப் பிரீபோட்சிங்கர் திரள் என்று பெயரிட்டனர். போட்சிங்கர் என்பது ஜெர்மானியத் திராட்சை மதுவொன்றின் பெயர். அப்பெயரைப் பக்கத்திலுள்ள வேறொரு திரளுக்கு அறிஞர் முன்னரே சூட்டியிருந்தனராதலின், இதற்கும் அவ்வழியே பெயர் வந்தது. உயிரைக் காக்கும் தலைமை அணுக்களுக்கு மதுவின் பெயர் வாய்த்தது ஒரு விநோதமே.

இத்திரளுக்குச் செய்தி கொணர்வோரும் உளர். குருதியிற் கரியமில வாயு மிகுமாயின் முகுளத்தின் அடிப்பரப்பிலுள்ள அணுக்கள் அதனை உணர்ந்து, "விரைந்து மூச்சு வாங்குக" என்று தூண்டும். பிராணவாயு குறையுமாயின் கழுத்துக் குருதிக்குழாயின் கவையிலுள்ள சிறு உறுப்புக்கள் அதனை அறிவிக்கும். இவ்வுறுப்புக்களின் தொழிலை விளக்கியமைக்காகவே ஹேமன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டறிஞர் 1938ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பெற்றார். நீரில் மூழ்கி மூச்சடக்குவோன் சிறிதுபோழ்தில் தவித்து மேலெழுவது பெரும்பாலும் கரியமில வாயு எழுப்பும் எச்சரிக்கையினாலேயாம். இத்தவிப்பு துன்பந் தருவதாயினும் நம்மைக் காக்கும் காவலாளி என்பதை நினைவிற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

இனி அபினுக்கு வருவாம். தஞ்சை நாட்டிற் கசகசாப் பாயசம் அறியாத வீடு அரிது. கசகசா அபின்செடியின் விதையே. விதையில் மயக்கந்தரும் பொருள் மிகச் சிறிதே. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே உறைந்து அபினாகின்றது. காவிரிப் படுகையில் இச்செடி பயிராவதில்லை. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்றோர் மருந்தின் பொருட்டு இதனைப் பயிரிடுகின்றனர்.

தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியாரின் அன்புக்குரிய மாணவராகிய இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை அரசுக்கட்டிலில் இருந்தார். அவர் தன்வந்திரி மகால் அமைத்து, நம் நாட்டு மருத்துவத்தையும் மேனாட்டு மருத்துவத்தையும் ஒருங்கே வளர்த்துக்கொண்டிருந்த அந்நாட்களிலேதான், ஜெர்மனியிற் செர்ட்யூர்னர் என்னும் இளம் மருந்தாளர் அபினினின்று அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கர் கதையிற் கனவுக்குரிய தெய்வமாகிய மார்ஃபியசின் பெயரால் அதற்கு மார்ஃபின் என்று பெயர் வந்தது. அவர் தாமும் மூன்று இளைஞரும் அதனை உண்டு பார்த்த வரலாற்றை 1817இல் வெளியிட்டார். நால்வரும் நஞ்சுண்டவர்போல் மயங்கி, அரிதின் உயிர்பிழைத்தனர். வலியை ஆற்றும் பொருளே உயிரையும் வாங்கவல்லது என்பது, அது பிரிக்கப்பட்ட நாள்தொட்டே தெரிந்திருந்தது. காரணம் மட்டும் விளங்காதிருந்தது.

1973இல் காந்தஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்போரும் வேறிரு குழுவினரும், அபின்வகைப் பொருள்கள் வந்து பொருந்தும் ஏற்பிகள் மூளையில் உண்டென்று காட்டினர். ஏற்பியைப் பூட்டென்றும் மருந்தைத் திறவுகோலென்றும் கொள்ளலாம். கடல்கடந்த ஒரு செடியின் பாலுக்கென நம் மூளையில் பூட்டு அமைவானேன் என்னும் வினா இயல்பாக எழும். அதற்கு விடை 1975இல் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர், நம் மூளையே தனக்கெனச் சுரந்துகொள்ளும் அபின்போன்ற பொருளைக் கண்டனர். காயம்பட்ட காலத்தும் பெருந்துன்பத்தும் வலியைத் தணிக்க உடல் அளந்து சுரக்கும் மருந்து அது. அபின் அதன் போலித் திறவுகோல். அதற்கு அளவு இல்லை என்பதே கேடு.

இப்பூட்டுக்களில் தலையாயது மியூ ஏற்பி எனப்படும். 1996இல் இவ்வேற்பி இல்லாத எலிகளை அறிஞர் உண்டாக்கினர். அவற்றிற்கு மார்ஃபின் வலியைத் தணிக்கவுமில்லை, பழக்கத்தை உண்டாக்கவுமில்லை. பிற்றை ஆராய்ச்சிகள் இத்தகைய எலிகளின் மூச்சையும் அது அடக்குவதில்லை என்று காட்டின. ஆகவே வலிநீக்கமும், மயக்கவின்பமும், மூச்சடங்கலும் ஒரே வகைப் பூட்டின் செயலென்பது தேறப்படும். வேறுபாடு அப்பூட்டு மூளையில் எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பதேயாம்.

பூட்டுத் திறந்தபின் அணுவினுள் நிகழ்வது யாது? நம் நாட்டு நீர்ப்பாசனத்தைக்கொண்டே இதனை விளக்கலாம். ஒரு வயலுக்கு நீர் வருவதற்கு வாய்க்கால் உண்டு. மிகை நீர் வெளியேற வடிகாலும் உண்டு. வயலில் நீர் குறித்த அளவு நின்றாலன்றி நடவு நடவாது. நரம்பணுவும் இத்தகையதே. அதன் உட்புறத்து மின்னிலை குறித்த அளவு உயர்ந்தாலன்றி அது கட்டளை விடுக்காது. அபின் மியூ ஏற்பியிற் பொருந்தியவுடன், அணுவின் சுவரிலுள்ள பொட்டாசியக் கால்கள் திறக்கின்றன. நேர்மின்னூட்டமுடைய பொட்டாசியம் வெளியே வடிந்துவிட, உட்புறத்து மின்னிலை தாழ்கின்றது. இஃது ஒருவன் இரவில் வந்து வடிகாலைத் திறந்துவிட்டதை ஒக்கும். அன்றியும், நரம்பின் நுனியிற் கால்சியம் உட்புகும் கால்கள் அடைபடுகின்றன. கால்சியம் புகாதவழி, அடுத்த அணுவிற்குச் செய்தி கொண்டு செல்லும் இரசப்பொருள் வெளிப்படாது. இது பாய்ச்சும் மதகை அடைத்ததை ஒக்கும். வடிகால் திறந்து மதகும் அடைபட்ட வயலின் நிலை யாதாகும்? அணு அழிவதில்லை, தூண்டினாலும் எழாது அமைந்துவிடுகின்றது. வலியைச் சுமக்கும் அணுக்களில் இஃது நிகழின் வலி தணியும். மூச்சின் தாளம் பிறப்பிக்கும் அணுக்களில் நிகழினோ மூச்சு தணியும்.

2020இல் கலிபோர்னியாவில் யாக்கிள் என்பாரின் ஆராய்ச்சிக் குழுவினர் எலிகளின் மூளைத்தண்டில் இதனை நுணுகி ஆராய்ந்தனர். பிரீபோட்சிங்கர் திரளினின்று மட்டும் மியூ ஏற்பியை நீக்கியபோது, மார்ஃபினால் வரும் மூச்சுக்குறைவு பெரிதும் நீங்கியது. முகுளத்திற்கு மேலே மூச்சின் போக்கை ஒழுங்குசெய்யும் மற்றோரிடத்திற்கும் இதிற் பங்குண்டு. இவ்வாராய்ச்சியின் மிக வியத்தகு முடிவு யாதெனின், அத்திரளை அபினுக்கு வசமாக்குவன ஏறக்குறைய 70 முதல் 140 வரையான அணுக்களே என்பதாகும். எலியின் மூளையிலுள்ள அணுக்கள் கோடிக்கணக்கின. அவற்றுள் ஒரு வகுப்பறையில் அடங்கத்தக்க தொகையினவே உயிரின் கடிவாளத்தைப் பிடித்துள்ளன. இவ்வணுக்களை நன்கறியின், வலியைத் தணித்து மூச்சை அடக்காத மருந்தொன்றை ஒருநாள் ஆக்கக்கூடும் என்று அறிஞர் நம்புகின்றனர்.

இங்கே முன்னர்க் கூறிய காவலாளியை நினைவுகூர்க. அபின் தாளத்தை மட்டும் தாழ்த்துவதன்று. கரியமில வாயுவின் எச்சரிக்கைக்கு மூளை செவிசாய்ப்பதையும் குறைத்துவிடுகின்றது. மூச்சு நிமிடத்திற்குப் பதினைந்தினின்று எட்டாகி, நான்காகிக் குறையும்போதும் அம்மனிதன் தவிப்பதில்லை, திமிறுவதில்லை, உதவிக்கு அழைப்பதில்லை. கள்வனை விடுத்துக் காவலாளியை முதலிற் கட்டிவிட்டாற்போல்வது இது. அருகிருப்போர் காண்பது ஆழ்ந்த உறக்கத்தையும் குறட்டையையுமே. "நன்றாய் உறங்குகின்றான், எழுப்பாதே" என்று கதவைச் சாத்திச் செல்வர். அக்குறட்டையோ, தளர்ந்த நாக்கினால் தொண்டை அடைபட, அதனூடே காற்று அரிதிற் செல்லும் ஓசையாயிருத்தல் கூடும். பிராணவாயு இன்றி மூளை சில நிமிடங்களே தாங்கும்.

நெல்வயற் பாங்கில் வாழும் நமக்கு மூச்சை நிறுத்தும் வேறொரு பகை நன்கு தெரிந்ததே. அது கட்டுவிரியன். இரவில் தரையிற் படுத்துறங்குவோரைப் பெரும்பாலும் அது கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மிகச் சிறிது. அதன் நஞ்சு மூளைத்தண்டைத் தீண்டுவதன்று. தசையைச் சேரும் நரம்பின் நுனிகளையே கெடுப்பது. மேட்டூரில் நீர் திறந்திருந்தும் ஊர்வாய்க்காலின் தலைமதகு அடைபட்டதுபோல, மூளை கட்டளையிட்டுக்கொண்டேயிருக்கவும் தசை அதனைக் கேளாது கிடக்கும். கடியுண்டவர் நினைவிருந்தும் இமை திறக்கமாட்டாமலும் பேசமாட்டாமலும் மூச்சுக்குப் போராடுவர். அபின் உண்டவர் நிலை இதற்கு மறுதலை. தசையும் நரம்பும் செவ்வையாயிருக்க, மேட்டூர் மதகே திறக்கப்படாத நிலை அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூர் மாத்திரை என்னும் பெயரால் பாம்புக்கடிக்கு வழங்கிய மருந்தொன்று பெரும்புகழ் பெற்றிருந்தது; பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அதனை ஆராய்ந்தார். பாஷாணம் கலந்த அம்மாத்திரை நின்ற மூச்சை மீட்கவல்லதன்று. இக்காலத்தில் கட்டுவிரியன் தீண்டியவர்க்கு மாற்றுமருந்து செலுத்துவதோடு, நரம்பு நுனிகள் மீண்டும் தழைக்குமளவும் பொறியினால் மூச்சூட்டிக் காக்கின்றனர். இவ்விரு நோயாளர்க்கும் முதலுதவி ஒன்றே என்பது சிந்திக்கத்தக்கது: அவர் தாமே மூச்சுவிடும்வரை பிறர் அவர்க்காக மூச்சூட்டவேண்டும்.

அபின் காவிரிப் படுகையிற் பயிராகாததால் இவ்வாபத்தும் இங்கில்லை என்று கருதுதல் தவறு. டேபென்டடால் முதலிய வலிநிவாரண மாத்திரைகள் அபினின்று பிரித்தவையல்ல. எனினும் அவையும் மியூ ஏற்பியின் திறவுகோல்களே. அவற்றை மருத்துவர் சீட்டின்றி வாங்கி, கரைத்து, ஊசிவழி ஏற்றிக்கொள்வோரைப் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு நாளிதழ்களில் வருகின்றன. டிரமடால் என்னும் மற்றொரு மாத்திரை 2018இல் போதைப்பொருட் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டது. மதுவுடனோ உறக்க மாத்திரையுடனோ இவை சேரும்போது மூச்சுக்குறைவு பன்மடங்காகும். மற்றுமொன்று: பழகியவர் நாளடைவில் மிகுந்த அளவைத் தாங்குவர், சிலகாலம் விட்டிருப்பின் அத்தாங்குதிறன் அகன்றுவிடும். மீண்டும் பழைய அளவை எடுப்பவர் அன்றிரவே இறத்தல் உண்டு. இருமல் மருந்துகள் சிலவற்றிலுள்ள கோடீன் உடலில் மார்ஃபினாக மாறுவது. சிலருடைய உடல் அதனை மிக விரைவில் மாற்றிவிடுமாதலின் சிறுவர்க்கு அது தகாது.

ஆகவே நாம் அறிந்துகொள்ளத்தக்கன இவை. மருந்துண்டு மயங்கியவரை அழைத்தும் தோளைத் தட்டியும் எழாராயின், அவர் மார்பை நோக்கி மூச்சை எண்ணுக. கண்மணிகள் ஊசிமுனைபோற் சிறுத்து, மூச்சு அருகி, உதடு நீலம்பாரித்திருப்பின் அஃது உறக்கமன்று. உடனே 108க்குத் தெரிவிக்கவேண்டும். மூச்சு அறவே குறைந்ததாயின், தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்தி, வாயோடு வாய்வைத்து மூச்சூட்டவேண்டும். நாடி இல்லையெனின் மார்பையும் அழுத்தவேண்டும். மூச்சுள்ளவராயின் பக்கவாட்டிற் படுக்கவைத்து, அகலாதிருத்தல் வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு முதலியவற்றை மயங்கியவர் வாயிற் புகட்டுதல் நம்மூர் வழக்கம். அவை மூச்சுக்குழாயிற் புகுந்து உயிரைக் கவரும். மருத்துவமனையில் நலாக்சோன் என்னும் மருந்துண்டு. அது பூட்டிற் புகுந்து அபினை வெளித்தள்ளி, தான் பூட்டைத் திறவாது நிற்கும் திறவுகோல். நின்ற மூச்சு ஓரிரு நிமிடத்தில் மீள்வதை மருத்துவர் காண்கின்றனர். ஆயின் அதன் ஆற்றல் ஒரு மணியளவில் தேய்ந்துவிடும். உடலில் எஞ்சிய அபின் மீண்டும் மூச்சை அடக்கலாம். எழுந்தவுடன் "நலமே" என்று வீடு திரும்புதல் கூடாது.

இனி, இதன் மறுபக்கத்தையும் கூறாதொழியின் இக்கட்டுரை தீங்கு செய்ததாகும். புற்றுநோயால் இரவெல்லாம் வலிப்படும் முதியவர்க்கு மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதினால், "அஃது உயிரைப் போக்கிவிடும்" என்று அஞ்சி மறுக்கும் குடும்பங்கள் பல. சிறிதளவில் தொடங்கி, வலிக்கேற்பப் படிப்படியாக உயர்த்தி, மருத்துவர் கண்காணிப்பில் வாய்வழிக் கொடுக்கும்போது மூச்சடங்கல் அரிதினும் அரிது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு இம்முறையையே வகுத்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையால் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைத்திருக்க அஞ்சின. அக்கடுமை 2014இல் திருத்தத்தால் தளர்த்தப்பட்டது. அச்சமோ இன்னும் தளரவில்லை. உலகிற்கு மருந்தபின் விளைவித்துக் கொடுக்கும் நாட்டின் ஏழை நோயாளி அம்மருந்தின்றி அலறுவது நமக்குப் பெருமையன்று.

ஒரே பூட்டு, ஒரே திறவுகோல், அளவும் இடமும் அறிந்தோன் கையில் அது துயர் துடைக்கின்றது, அறியாதான் கையில் மூச்சைத் துடைக்கின்றது. தன் மூச்சு நிற்பதைத் தானே உணரமாட்டாத ஒருவனுக்கு, அதனை உணரவேண்டியவர் பக்கத்திலிருப்பவரே. விடுதி அறையில் ஒருவர் எழாது கிடப்பாராயின், விளக்கை அணைத்துச் செல்லுமுன் அருகமர்ந்து ஒரு நிமிடம் அவர் மூச்சை எண்ணிப் பார்த்தல் நம் ஒவ்வொருவர்க்கும் கடனாம்.